கறுப்புத் துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

என் மதினி ஞானசுந்தரிக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் ஒரே கேள்விதான் வரும். "இதுல எது வேல செய்யுற எடம்?"

சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய வீட்டில் பிறந்தவர். ஆயுத பூஜையன்று எல்லா வீடுகளிலும்தான் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். பொட்டு எங்கே விழுந்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்பது என்னைப் போன்ற சோம்பேறிகளின் கட்சி. மதினியின் பிறந்த வீட்டில் அது செல்லாது. பொருளின் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கேதான் பொட்டு. கத்தரிக்கோல் என்றால் பிடியில் கூடாது, இரண்டு அலகும் சேரும் இடத்தில். தராசு என்றால் முள்ளில். தையல் மெஷின் என்றால் ஊசியில். "சும்மா கெடக்குற எடத்துக்கு எதுக்குப் பொட்டு? அது என்னத்தச் சம்பாதிச்சுக் குடுத்துச்சு?" என்பார்.

சிவகாசியில் எங்களுடையது லேபிள் அடிக்கும் பிரஸ். வெடிப் பெட்டிகளின் மேல் மயிலும் குழந்தையும் ராக்கெட்டும் சிரிக்குமே, அந்த லேபிள்கள். என் அண்ணன் ராஜபாண்டியனைக் கட்டிக்கொண்டு மதினி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் பிரஸ்ஸில் ஒரு பொருளும் அவருடைய பொட்டுக்குத் தப்பியதில்லை. முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, எது வேலை செய்யும் இடம் என்று என் அண்ணன் மகன் தருண்குமாரைக் கேட்டார். அவன் அப்போது பள்ளிக்கூடப் பையன். யோசித்துவிட்டு, "மௌஸ்தான்மா" என்றான். மௌசின் இரண்டு காதிலும் பொட்டு. இன்னொரு வருடம் டிசைன் எடுக்கும் ஸ்கேனரின் மூடியைத் திறந்து கண்ணாடியின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்துவிட்டார். மறுநாள் அதில் எடுத்த மயிலின் வயிற்றில் ஒரு வட்டம். "மயிலுக்கு என்ன அண்ணாச்சி, தொப்புளா?" என்று ஆர்டர் கொடுத்தவர் கேட்டார். மதினியிடம் போய்ச் சொன்னோம். "வேல செய்யுற எடம்னு நீங்கதான சொன்னீக" என்றார். மறு வருடமும் அங்கேயேதான் வைத்தார்.

படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் மெஷினிலிருந்து வந்து விழும் தாளைத் தூரத்திலிருந்து பார்த்தே, "மஞ்ச தூக்கலா இருக்கு, கொறைங்க" என்பார். சீசன் நேரத்தில் மெஷின் நிற்காது, வேலைக்காரர்கள் சாப்பிடப் போக முடியாது. அவர்கள் எல்லோருக்கும் மதினி வீட்டிலிருந்துதான் சாப்பாட்டுத் தூக்கு வரும். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவன்தான். அம்மா முகம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. பசி என்றால் மதினி முகம்தான் நினைவுக்கு வரும்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு ரிவால்வர் இருந்தன. வாரச் சம்பளப் பணம் எடுக்க பாங்குக்குப் போய்வரும் பாதுகாப்புக்காக அப்பா லைசன்ஸ் எடுத்து வாங்கியவை. ஒன்று வெள்ளிமுலாம் பூசியது, இன்னொன்று கறுப்பு. நாட்டை விட்டுப் போகிற வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடம் வாங்கியதாக அப்பா சொல்வார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எஸ்டேட்டின் பெயர் மாறும். எனக்குத் தெரிந்து அவற்றை யாரும் வெடித்ததில்லை. வெடித்திருந்தாலும் எங்கள் ஊரில் எவன் திரும்பிப் பார்ப்பான்? எவனோ சரவெடி டெஸ்ட் பண்ணுகிறான் என்று போய்விடுவார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் திரும்ப வாங்கிவருவதும்தான் அவை செய்த வேலை. 'பொட்டு வச்ச துப்பாக்கி' என்று ஸ்டேஷனில் அவற்றுக்குப் பெயரே இருந்தது.

அந்தப் பொட்டுக்குக் காரணம் நான்தான். மதினி வந்த முதல் ஆயுத பூஜையன்று அப்பா இரண்டையும் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மதினி வழக்கமான கேள்வியை என்னிடம் கேட்டார். மீசை முளைத்த புதிது எனக்கு. புது மதினியிடம் துப்பாக்கி தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள வேண்டாமா? கறுப்பின் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தி, அதன் முனையைக் காட்டினேன். "இந்தா இந்த மூக்குதான் மதினி. இது போயி தோட்டா முதுகுல குத்துனாத்தான் வெடிக்கும். வச்சா நல்லா வைங்க, மூக்கே தெரியக் கூடாது."

கேலிக்குச் சொன்னேன். மதினி வேதமாக எடுத்துக்கொண்டார். மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, மூக்கு மறைய, மூக்கு போய் விழும் பள்ளமும் நிறைய அப்பினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். புது மருமகளை அதட்ட மனசில்லாமல் மூடிக்கொண்டார். வெள்ளைத் துப்பாக்கிக்கு மூக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் அது தப்பித்தது. கறுப்புக்கு ஒவ்வொரு வருடமும் புதுச் சந்தனம், பழசின் மேல். நடுவில் அண்ணன் தேங்காய் எண்ணெய் தொட்டு வெளியே மட்டும் துடைத்து வைப்பார். அப்பாவுக்குப் பிறகு லைசன்ஸும் துப்பாக்கிகளும் அண்ணன் பேருக்கு வந்தன.

போன வருடம் புரட்டாசியில் அண்ணன் இறந்துபோனார். நெஞ்சுவலி. படுத்த படுக்கையாகக் கிடந்து யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. போவதற்கு ஒரு வாரம் முன்னால் மதினியிடம், "கறுப்ப ஜெயத்துக்குக் குடுத்துரு. அவன் கேப்பான்" என்று சொல்லியிருந்தார். ஜெயம் என்றால் ஜெயச்சந்திரன், நான்.

ஏன் கேட்பேன் என்று அண்ணனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் நான் சொல்கிற கதை அது.

அப்பா இறந்து இரண்டாவது சீசன். பிரஸ்ஸில் பெரிய மெஷின் ஒன்றுதான் இருந்தது. தனியாகப் போகிறேன், மெஷினை எனக்குக் கொடு என்று நான் நின்றேன். அது போனால் பிரஸ்ஸே இல்லை என்று அண்ணன் நின்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெஷின் ஓடுகிற சத்தத்தில், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்தியே சண்டை முற்றிவிட்டது. அண்ணன் தம்பிக்குள் பேசக்கூடாததை இருவரும் பேசினோம். கடைசியில், "நாளைக்கே லாரி கொண்டாந்து மெஷினைத் தூக்குவேன், ஏலும்னா தடுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வாசலுக்கு வந்ததும் என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். கையில் கறுப்புத் துப்பாக்கி. சம்பள நாள் ஆனதால் தோட்டா போட்டு இழுப்பறையில் வைத்திருந்தது. குழல் தரையைப் பார்த்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து, கைக்குட்டைகூட எடுக்காமல் அழுதார்.

"தூக்குன துப்பாக்கிய, தம்பி முதுகப் பாத்ததும் எறக்கிட்டான்யா என் அண்ணன். எத்தன பேருக்கு அப்படி அண்ணன் இருக்கான்?" இதுதான் கதையின் முடிவு. கேட்கிறவர்கள் கண் கலங்கும். அண்ணன் மட்டும் நான் இதை ஆரம்பித்ததும் கை கழுவ எழுந்து போய்விடுவார். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்கு மறுவாரம் லாரி வந்தது. நான் அனுப்பவில்லை. அண்ணன்தான் பெரிய மெஷினைக் கழற்றி ஏற்றி, மாலை போட்டு, என் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார். அவர் ஒரு பழைய சின்ன மெஷினை வைத்து முதலிலிருந்து தொடங்கினார். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி மதுரையில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர். என் மகள் ஹர்ஷினிக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் சாப்பாடு. கிளம்பும்போது என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவார், நான் இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல. இவ்வளவுக்கும் ஆரம்பம் அந்தத் துப்பாக்கி தரையைப் பார்த்த நிமிடம்தான் என்று நான் நம்பினேன். என் அண்ணன் என்மேல் வைத்திருந்த பாசத்துக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது. அதனால்தான் எனக்கு அந்தக் கறுப்பு வேண்டியிருந்தது. லைசன்ஸுக்கும் எழுதிப் போட்டிருந்தேன்.

தருண்குமாருக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறான். போனில் எதையோ பார்த்துவிட்டு ஒருநாள் ஓடிவந்தான்.

"சித்தப்பா, இந்தப் பழைய ஃபாரின் ரிவால்வருக்கு எம்புட்டு கிராக்கி தெரியுமா? இப்ப இறக்குமதியே கெடையாதாம். லைசன்ஸ் உள்ளவுக வலைபோட்டுத் தேடுறாகளாம்."

"தேடட்டும்லே. கறுப்பு எனக்கு."

"கறுப்புதான் அதிக வெலையோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க விவரமான ஆளாச்சே" என்று கண்ணடித்தான்.

"விலை போனா அதுல பாதிய உனக்கே தாரேன், போ" என்றேன். உண்மையில் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். பெரிய விலை சொன்னால் பந்தியில் சொல்கிற கதைக்கு அது இன்னொரு வால்.

அண்ணன் இறந்ததும் இரண்டையும் விருதுநகரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் பாயிடம் முறைப்படி ஒப்படைத்திருந்தோம். பேர் மாற்றுவதற்கு முன்னால் அவரே பார்த்து நிலவரமும் விலையும் சொல்வதாக ஏற்பாடு. கூடவே ஒன்று கேட்டிருந்தார். கறுப்போடு ஒப்படைத்த தோட்டா ஐந்துதான், லைசன்ஸ்படி ஆறு இருக்க வேண்டும், அந்த ஒன்றையும் கொண்டுவந்துவிடுங்கள் என்று. தருண் வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில் மதினி, "நானும் வாரேன். அது என்கிட்டதான் இருக்கு" என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதை எதற்கு இவர் வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருத்தங்கல் தாண்டும்வரை மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டாசு ஆலைகளில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் பயராபீஸ் வேன்களை எண்ணுவதுபோல ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வருடமாகவே அப்படித்தான். பிரஸ்ஸுக்கு வருவார், அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார், மஞ்சள் தூக்கலாக இருந்தால் சொல்வார். ஆனால் போன ஆயுத பூஜையில் கிண்ணத்தைத் தொடவில்லை. "ஸ்ரீமதி வைக்கட்டும்" என்று மருமகளிடம் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டார். அண்ணன் போய் அப்போது மாதம்கூட ஆகியிருக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஹலீம் பாய் கடை தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. "வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா" என்று ஃபேனைத் திருப்பிவைத்தார். நான் உட்கார்ந்ததும், டீ வருவதற்குள், அவருக்கும் என் கதையைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை, மெஷின் சத்தம், திரும்பிப் பார்த்தது, குழல் தரையைப் பார்த்தது எல்லாம். பாய் உச்சுக் கொட்டினார். "அல்லா, அது பெரிய மனசு" என்றார். மதினி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாய் வெள்ளையை முதலில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்து, சொடுக்கிப் பார்த்து, ஒரு விலை சொன்னார். தருண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பிறகு கறுப்பை எடுத்துச் சுத்தியலை இழுத்தார். அது வர மறுத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஊசியால் பள்ளத்தைக் கிளறினார். காய்ந்த மண்கட்டி மாதிரி ஏதோ பெயர்ந்து மேஜையில் விழுந்தது. அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது, சந்தனமா?"

தருண் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மா வச்ச பொட்டு பாய்! ஸ்கேனரையே காலி பண்ணவுக."

"மூக்கத் துரு தின்னுருச்சு. உள்ள பூராவும் அடைச்சிக் கெடக்கு. வெள்ளைக்கு ஆளு ரெடியா இருக்காக. இது பழைய இரும்புதான் அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக."

"விலை எதுக்கு பாய், நான் விக்கவா போறேன்?" என்றேன் பெருமையாக.

"அப்ப சரி. அம்மா, அந்தத் தோட்டா?"

மதினி இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, மயில் லேபிளில் பொதிந்த ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பிரித்தால், தோட்டா முழுக்க விபூதியும் சந்தனமும் மாறி மாறிப் பூசி, பித்தளை கண்ணுக்கே தெரியவில்லை. பாய் துணியால் பக்குவமாகத் துடைத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது அடிபட்ட தோட்டாவாச்சே. இந்தா பாருங்க, நடுவுல குழி விழுந்திருக்கு. சுத்தியல் வந்து விழுந்திருக்கு, ஆனா பலமா விழலை. நடுவுல எதோ மெத்துனு தடுத்திருக்கு. இல்லேன்னா வெடிச்சு..."

அங்கே நிறுத்திவிட்டார். சற்று முன்புதானே என் கதையைக் கேட்டார். தோட்டாவை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, டீ இன்னும் வரவில்லையே என்று எழுந்து வாசலுக்குப் போனார்.

"யாரும்மா அடிச்சா?" என்றான் தருண். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து வெளியே வந்து தெப்பக்குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுமுதுகில் ஒரு இடம் குறுகுறுவென்றது. முப்பது வருடமாகப் பந்திக்குப் பந்தி நான் விற்ற சரக்கு பொய். என் அண்ணன் துப்பாக்கியை இறக்கவில்லை. என் முதுகைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிடம் எனக்கு உயிர் தப்பிய சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. அண்ணன் இரண்டாவது தடவை செத்துப்போனதுபோலத்தான் இருந்தது.

பின்னாலேயே மதினி வந்து நின்றார்.

"மதினி, அண்ணன் சுட்டாரா?"

"சுட்டாக தம்பி." ஒளிக்கவில்லை, இழுக்கவில்லை. "ஒரு தடவ அமுக்குனாக. டொக்குனு விழுந்துச்சாம். மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. இன்னும் அஞ்சு இருந்துச்சு தம்பி. நீங்க வாசல் போய்ச் சேர நேரமும் இருந்துச்சு. அவுக அத அமுக்கல. அதையும் சேத்து நெனச்சுக்கோங்க."

மதினியே தொடர்ந்தார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தவுக என் கால்ல விழப் போனாக. பதறிட்டேன். 'உன் சந்தனம் என் தம்பியக் காப்பாத்திருச்சு, என்னையும் காப்பாத்திருச்சு'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாக. அந்தத் தோட்டாவ யாரு கண்ணுலயும் படாம சாமி படத்துக்குப் பின்னால வச்சாக. அன்னையிலேர்ந்து அவுக தெனம் குளிச்சிட்டு வந்ததும் முதப் பொட்டு அதுக்குத்தான். பெறகுதான் சாமிக்கு. ஒருநாள் தப்பினதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன், சொல்லிருங்களேன்னு. நீங்க அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டீக, எங்கண்ணன் எறக்கிட்டான், எறக்கிட்டான்னு. அவுக சொன்னாக, 'அவன் என்னைய ஒரு நல்லவனா நெனச்சிட்டான் சுந்தரி. சாகுற வரைக்கும் அந்த நல்லவனா இருந்துட்டுப் போயிர்றேன்'னு. இருந்துட்டுத்தான தம்பி போனாக?"

இருந்துவிட்டுத்தான் போனார். மாலை போட்ட மெஷின், ஆஸ்பத்திரி வராந்தா, ஹர்ஷினியின் சைக்கிள் எல்லாம் ஒன்றொன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை தோளில் விழும் அந்த அழுத்து எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் உண்மையிலேயே இருக்கிறேனா என்றுதான் அவர் வாராவாரம் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுவரைப் பிடித்தபடி நன்றாக அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கோபம் தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு அண்ணன்மேல் நன்றிதான் இருந்தது. அவரைவிட, பக்கத்தில் நின்று முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த இவர்மேல் எவ்வளவு என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. மூக்கே தெரியக் கூடாது என்று நான் கேலி பேசியதை அப்படியே நம்பி, வருடம் தவறாமல் மோதிர விரலால் அழுத்தி அழுத்தி வைத்தவர்.

"உங்களுக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டுப் பக்கமே வர மாட்டீகளோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அதான் ஒரு வருசமா அத எடுத்துக் குடுக்கல" என்றார் மதினி.

"ஞாயித்துக்கெழமன்னா அண்ணன் எங்க வீட்டுக்கு வந்தாரு. இனி தெனம் நான் வருவேன். சோறு ஆக்கி வைங்க" என்றேன்.

உள்ளே போனோம். தோட்டாவை பாய் வாங்கிக்கொண்டார். சட்டப்படி அது அங்கேதான் இருக்க வேண்டும். மதினி அதை ஒருமுறை கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். கறுப்பை எனக்கு மாற்ற வேண்டாம், அரசாங்கத்திடம் ஒப்படைத்து உடைக்கச் சொல்லிவிடலாம் என்றேன். ஒரே ஒருநாள் வேலை வந்தது அதற்கு. அன்றைக்கு அது செய்யாமல் இருந்ததே எனக்குப் போதும். மேஜையில் உதிர்ந்து கிடந்த சந்தனத் தூளில் கொஞ்சம் என் விரலில் ஒட்டியிருந்தது. ஊர் வந்து சேரும்வரை நான் கை கழுவவில்லை.

வெள்ளைத் துப்பாக்கி அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்கு முறைப்படி போனது. வந்ததைக் கொண்டு தருண் தாள் வெட்டும் மெஷின் ஒன்று புதிதாக வாங்கிப் போட்டான். காரில் திரும்பும்போதே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். இறங்கும்போது என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். அவன் அப்பன் கைதான்.

இந்த வருட ஆயுத பூஜை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை குவித்தாகிவிட்டது. ஸ்ரீமதி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். மதினி போன வருடம் போலவே வாசல்படிக்கு வெளியே. ஸ்ரீமதி புது மெஷினின் பக்கவாட்டில், கம்பெனிப் பெயருக்கு மேல் ஒரு பொட்டு வைக்கப் போனாள். வாசலிலிருந்து மதினி தவிப்பது எனக்குத் தெரிந்தது.

"ஏத்தா, பேருக்கா பொட்டு வைப்பாக?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "கத்தி எங்கன இருக்குன்னு பாரு."

ஸ்ரீமதி கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். அவளும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். நான் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனேன்.

"வாங்க மதினி."

"வேண்டாம் தம்பி. நான் வைக்கக் கூடாது. நல்ல நாளும் அதுவுமா."

"நீங்க வச்ச பொட்டுலதான் நான் நிக்கேன். கூடாதுன்னு எவன் சொல்லுவான்? என் முன்னாடி வந்து சொல்லட்டும்."

மதினி தலையை ஆட்டினார். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அவர் வலது கையை வெளியே எடுத்தேன். அதுவரை அவர் கையை நான் தொட்டதில்லை. கிண்ணத்தில் விரலை விட்டுச் சந்தனத்தை வழித்து, அவருடைய மோதிர விரலின் நுனியில் பொட்டு வைத்தேன், தாராளமாக.

"என்ன தம்பி இது? எதுக்கு வெரல்ல போயி?"

"வேல செய்யுற எடத்துலதான மதினி வைக்கணும்?"

அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மதினி கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, விரலில் சந்தனம் இருப்பது நினைவு வந்து, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"இம்புட்டையா அள்ளி வைப்பாக? வீணாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே படி ஏறி உள்ளே வந்தார். புது மெஷினின் முன்னால் குனிந்து, கத்தி இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்து, அந்த விரலை அதில் அழுத்தி வைத்தார்.